முப்பதாம் கவட்டுக் கதியால்

நவம்பர் 24, சனி

துவக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில், இனி வைக்கிற ஒவ்வொரு வெடியையும் திகதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார்கள். வரும் வழியில் ஒற்றைக் கோட்டுக் கொப்பி ஒன்று வாங்கினேன். வெடியை மட்டும் எழுதுவதென்றால் இந்தக் கொப்பி என் ஆயுளுக்கும் முடியாது. நான் வைத்த வெடியை விட வைக்காமல் விட்ட வெடிதான் அதிகம். ஆகவே வைக்காததையும் எழுதப் போகிறேன். கேட்டவர்கள் வாசித்துக் களைக்கட்டும்.

எங்கள் ஊர் நறுவிலிக்குளத்தில் துவக்கு இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றது என் தங்கச்சி பவளத்தின் புருசன் புவனேந்திரனுடையது. இரண்டும் இடியன். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தும்பு வைத்து இடித்து, ஈயக்குண்டைப் போட்டு மறுபடி இடிக்க வேண்டும். ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்கு ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் வேண்டும். காட்டுப்பண்டி அதுவரை நின்று தராது. புவனத்தின் துவக்கில் விசைக்குதிரை உடைந்து மூன்று மாதம். என்னுடையதை இரவல் கேட்டான். லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது, தரமாட்டேன் என்றேன். லைசென்ஸ் இல்லாவிட்டாலும் தரமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆறு வருசத்துக்கு முன் அவன் அறுபது கவடு நடை தூரத்தில் வைத்த வெடியில் ஒரு பண்டிக்குத் தாடை போனது. தின்னவும் முடியாமல் தண்ணீர் குடிக்கவும் முடியாமல் பதினொரு நாள் குளக்கட்டில் அலைந்து செத்தது. அதைப் பார்த்த பிறகுதான் நானும் அவனும் ஐயனார் கோவிலில் துவக்கின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். முப்பது கவட்டுக்கு அப்பால் வெடி இல்லை. பண்டி பக்கம் காட்டி நிற்க வேண்டும், முன்னங்கால் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தக் காலுக்குச் சற்றுப் பின்னால், முழங்கை மடிப்புக்கு நாலு விரல் மேலே. அங்கேதான் நெஞ்சு. தோளில் வைத்தால் கூட்டம் விட்டுத் திரிகிற தனியன் பண்டியின் தோள்தட்டு இடியன் குண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னால் வைத்தால் குடல். கடைசியாக, ரத்தம் கண்டால் பண்டியைக் காணாமல் வீடு திரும்பக் கூடாது.

புவனம் நிலக்கடலை போட்ட கச்சான் தோட்டத்து ஓரம் ஒரு பாலை மரம். அதில்தான் பரண். இந்த மாதம் முதல் மழைக்குப் பரணிலிருந்து முப்பது கவடு அளந்து ஒரு கிளுவைத் தடியைக் கதியாலாக நட்டு, அடையாளத்துக்கு வெள்ளைத் துணியும் கட்டினேன். இன்று போய்ப் பார்த்தேன். வேலிக்கு நட்டது போலத் துளிர்த்திருக்கிறது. சந்தோசமாக இருந்தது.

நவம்பர் 27, செவ்வாய்

அரிசியில் கல் பொறுக்கித் தரும்படி மனுசி சொன்னாள். பொறுக்கினேன். மத்தியானச் சோற்றில் மூன்று கல்.

"கல்லை வைச்சுக்கொண்டு அரிசியை எறிஞ்சனீங்களோ?" என்று கேட்டாள். அவளுக்கு வாய் கூட.

விடியப்புறம் பரணில் இருந்தேன். புவனம் கீழே மரத்தடியில். ஏழு பண்டி வந்தன. கதியாலுக்கு அப்பால் நின்று கச்சானைக் கிண்டின. ஒன்று கூட இந்தப் பக்கம் வரவில்லை. வெடி வைக்கவில்லை. இறங்கியதும் புவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான்.

வழியில் அவனுக்கு ஒரு விசயம் சொன்னேன். வலக்கண்ணில் கொஞ்ச நாளாக ஒரு புகை. வெடிக்காரனுக்குப் புகை புதிதா என்று சிரித்தும் காட்டினேன். ஒருத்தருக்கும் சொல்லாதே, லைசென்ஸைப் பறித்துவிடுவார்கள் என்றேன்.

"உனக்கும் எனக்கும் நடுவிலை இருக்கட்டும் மச்சான்" என்றான். நாற்பது வருசச் சிநேகிதம், அதற்குப் பிறகு தங்கச்சியையும் கொடுத்திருக்கிறேன். அவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

நவம்பர் 30, வெள்ளி

வந்தன. அப்பால் நின்றன. வைக்கவில்லை.

டிசம்பர் 1, சனி

புவனத்தின் தோட்டத்தில் அரை ஏக்கர் உழுது விட்டது போலக் கிடக்கிறது. பிஞ்சுக் கச்சான் ஒன்றும் மிச்சமில்லை. பவளம் வரம்பில் குந்தியிருந்து பிடுங்குப்பட்ட செடிகளை மறுபடி ஊன்றிக்கொண்டிருந்தாள். நட்டாலும் வராது என்று அவளுக்குத் தெரியாதா? என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"அண்ணை, பண்டிக்கு உங்கட சட்டம் தெரியுமோ?" என்று கேட்டாள். அவ்வளவுதான் சொன்னாள்.

புவனம் அவ்வளவோடு விடவில்லை. "முப்பதுக்குள்ளை வந்து பக்கம் காட்டி நில் எண்டு கடிதம் போடுவமோ மச்சான்?" என்றான்.

"தாடை போன பண்டியை மறந்திட்டியோ?" என்றேன்.

"பண்டியை மறக்கேல்லை. என்ர பிள்ளையளையும் மறக்கேல்லை."

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து துவக்குக்கு எண்ணெய் போட்டேன்.

டிசம்பர் 4, செவ்வாய்

பின்னேரம் பரணில் ஏறிப் பலகையை இறுக்கிக் கட்டினேன். கதியாலில் யாரோ பெரிய வெள்ளைத் துணி கட்டியிருக்கிறார்கள். முந்தியதைப் போல இரண்டு மடங்கு. இங்கிருந்தே பளிச்சென்று தெரிகிறது. புவனம்தான் செய்திருப்பான். கண்ணைப் பற்றிச் சொன்னதை மனதில் வைத்து, ஒரு சொல்லும் சொல்லாமல், எனக்காகச் செய்திருக்கிறான். சனிக்கிழமை அவனோடு சுடுசொல் பேசியதற்கு வெட்கப்பட்டேன்.

டிசம்பர் 6, வியாழன்

இன்று வெடி வைத்தேன். லைசென்ஸ்காரருக்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

விடிந்து பனி மெல்லக் கலைகிற நேரம். தனியன் ஒன்று, நல்ல உருப்படி. துணிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. பக்கம் காட்டியது. கருப்பாக, நீளமாகத் தெரிந்தது. முன்னங்கால் தெரிந்தது. தெரிந்தது என்றே எழுதுகிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிரையை விட்டேன். இடியன் புகையில் ஒன்றும் தெரியவில்லை. பண்டி உறுமிக்கொண்டு காட்டுப் பக்கம் முறித்துப் போன சத்தம் மட்டும் கேட்டது.

கால் மணித்தியாலம் பொறுத்து இறங்கினோம். கதியாலடிக்கு நடந்து போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, வயது போகிறது. புவனம் குனிந்து இலை இலையாகத் தேடினான். நானும் குனிந்தேன். எனக்கு எல்லா இலையும் ஒரே நிறம்.

"ரத்தம் இருக்கோ?" என்றேன்.

"ஒரு சொட்டும் இல்லை மச்சான். வெடி படேல்லை. வா போவம்."

கதியாலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தளிரெல்லாம் வாடித் தொங்கின. நன்றாகத் துளிர்த்த கதியால், மழையும் பெய்திருக்கிறது. ஏதும் பூச்சியாக இருக்கும்.

படாத வெடி பாவமில்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 7, வெள்ளி

துவக்கைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினேன். மனுசி சாம்பாருக்குப் பூசணிக்காய் வெட்டித் தரச் சொன்னாள். மாடு ஆண் கன்று போட்டது, நாம்பன்.

ஒரு விசயம் பிடிபடவில்லை. படாத வெடிக்குப் பண்டி ஏன் உறுமியது?

டிசம்பர் 9, ஞாயிறு

பவளத்தைப் பண்டி கிழித்துப் போட்டது.

காலமை புல்லுப் பிடுங்கப் போயிருக்கிறாள். தோட்டத்து ஓரத்துப் பற்றைக்குள் படுத்திருந்த தனியன் எழும்பி வந்ததாம். சும்மா இருக்கிற பண்டி மனிதரைக் கண்டால் ஓடும். இது ஓடவில்லை. வலத் தொடையில் எலும்பு வரைக்கும் கிழிவு. நான் போகும்போது புவனம் தன் சாரத்தைக் கிழித்து அவள் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். ஓட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில் அவள் தலை. சின்னனில் காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான் படுப்பாள்.

டிசம்பர் 10, திங்கள்

இரண்டு அடுக்குத் தையல் போட்டிருக்கிறார்கள். நரம்பு ஒன்று போய்விட்டதாம். இனி முந்தி மாதிரி நடப்பது சந்தேகம் என்று டொக்டர் சொன்னார்.

பக்கத்துக் கிராமத்துக் கனகையா அண்ணை துவக்கோடு வந்து, நாய் விட்டு, பற்றைக்குள் கிடந்த தனியனைப் பன்னிரண்டு கவட்டில் முடித்தார். முன்னங்காலுக்குப் பின்னால், நாலு விரல் மேலே. விழுந்த இடத்திலேயே கிடந்தது. பிறகு அதைக் கிழித்துப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். குடலுக்குள் பழுத்த காயம், புழு, நடுவில் ஒரு குண்டு. துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உங்கட அச்சிலை வாத்த குண்டெல்லோ மயிலு?"

என்னுடையதுதான். என் அச்சில் ஓரத்தில் ஒரு பிசிறு விழும்.

நாலு நாள் அந்தப் பண்டி குடல் அழுகிக்கொண்டு அந்தப் பற்றைக்குள் கிடந்திருக்கிறது. அந்த வேதனைக்கு யார் எதிரே வந்தாலும் கிழித்துத்தான் இருக்கும். வந்தவள் என் தங்கச்சி.

டிசம்பர் 12, புதன்

ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டம் தோட்டத்திலேயே நடந்தது. பண்டி கிடந்த பற்றையிலிருந்து கனகையா அண்ணை காய்ந்த ரத்தத்தைப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆறு நாளாக மழை இல்லாதபடியால் இலைகளில் அப்படியே இருந்தது என்றார். அது தொடங்கிய இடத்திலிருந்து பரணுக்கு எல்லார் முன்னாலும் கவடு வைத்தார். நாற்பத்தெட்டு.

"உங்கட சட்டம் முப்பதெல்லோ?" என்று தலைவர் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அது இன்னும் சுட்டது.

"பண்டி கதியாலுக்கு இந்தப் பக்கம்தான் நிண்டது" என்றேன். கதியாலுக்குக் கவடு வைத்தார்கள். முப்பது. துல்லியமாக முப்பது.

தலைவர் புவனத்தைப் பார்த்தார். "புவனம், நீர் கூட நிண்டனீரெல்லோ. கதியால் அண்டைக்கும் இதிலைதானோ நிண்டது?"

புவனம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அது நட்ட இடத்திலைதான் நிக்குது" என்றான்.

துவக்கைக் கையளித்தேன். சட்டம் சொன்னவனே சட்டத்தை முறித்தான் என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 13, வியாழன்

தனியே போனேன். கண்ணை நம்பாமல் கையால் பார்த்தேன்.

முப்பதில் நிற்கிற கதியாலை ஆட்டினேன். ஆடியது. ஒரு மாதத்துக்கு முன் ஊன்றி வேர் விட்ட கதியால் பல் விழப்போகிற மாதிரி ஆடாது. அங்கிருந்து நேரே பதினெட்டுக் கவடு நடந்து, முழந்தாளில் இருந்து நிலத்தைத் தடவினேன். ஒரு இடத்தில் மண் பொதுபொதுவென்று இருந்தது. அலவாங்குக் கடப்பாரையால் கிண்டிய கிடங்கு, கையால் மூடியிருக்கிறது. மண்ணுக்குள் துணியில் இருந்து கழன்ற ஒரு நூல்.

இந்தக் கொப்பியைத் திருப்பி வாசித்தேன். நவம்பர் 24 துளிர். டிசம்பர் 4 பெரிய துணி. டிசம்பர் 6 வாடல், மூச்சு வாங்கல். எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். புவனம் பிடுங்கி அங்கே நட்டு, தூரம் தெரியாதபடி பெரிய துணி கட்டி, வெடி வைத்தபின் மறுபடி பிடுங்கி இங்கே நட்டிருக்கிறான். அந்தத் துணியைப் பார்த்து நான் வெட்கப்பட்டேனாம்! நாய். நாற்பது வருசமாக ஒரு நாயோடு இருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

டிசம்பர் 14, வெள்ளி

குளக்கட்டில் அவனைப் பிடித்தேன். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"எத்தினை நாள் பண்டி வந்தது? எத்தினை நாள் நீ உன்ர சட்டத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு பரணிலை இருந்தாய்? என்ர துவக்கு உடைஞ்சு கிடக்கு, உன்ரையைத் தரமாட்டாய். நான் என்ன செய்யிறது?"

"அதுக்கு என்ர கண்ணை வைச்சோ விளையாடினனி?"

"உனக்கு முப்பதிலையும் தெரியாது, நாப்பத்தெட்டிலையும் தெரியாது. தெரியாதவனுக்கு என்னடா முப்பது?"

சட்டையைப் பிடித்தேன். அவன் கையை எடுக்கச் சொல்லவில்லை.

"ரத்தம் கண்டனியோ?" என்றேன்.

"கண்டனான்."

"அப்ப ஏன் இல்லையெண்டனி?"

"இருக்கெண்டா நீ பின்னாலை போகாமல் விடமாட்டாய். காயப்பட்ட தனியனுக்குப் பின்னாலை கண் தெரியாத உன்னைக் கூட்டிக்கொண்டு போறதோ? உன்னைக் கிழிக்கும் எண்டு நினைச்சனான்." அவன் குளத்துப் பக்கம் திரும்பினான். "அவளைக் கிழிக்கும் எண்டு நினைக்கேல்லை."

நான் போகத் திரும்பியபோது பின்னாலிருந்து சொன்னான்: "கூட்டத்திலை கதியால் கதையைச் சொல்லு மச்சான். நான் கண் கதையைச் சொல்லுறன். பிறகு ஊர் ஆரை ஏசுது எண்டு பாப்பம்."

டிசம்பர் 15, சனி

மனுசி கேட்டாள், ஏன் சாப்பிடவில்லை என்று. பசியில்லை என்றேன்.

டிசம்பர் 16, ஞாயிறு

பவளத்திடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் புருசன் யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவளாவது என் பக்கம் நிற்க வேண்டும் என்ற ஆசை.

கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வற்றிப்போய் இருந்தது. கதியாலை மாற்றி நட்ட கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்:

"தெரியும் அண்ணை. அலவாங்கு பிடிச்சது நான்தான்."

நீயுமோ என்று கேட்டேன்.

"நீங்கள் எங்கடை ஊரிலை முதல் வெடிக்காரன். பதினெட்டுக் கவடு கூடினா அண்ணைக்கு என்ன எண்டு நினைச்சனான். அரை ஏக்கர் போயிட்டுது. மிச்சமும் போகப்போகுது எண்டு பயந்திட்டன். உங்களிட்டைக் கேட்டா நீங்கள் சம்மதிக்கமாட்டியள். என்ர பழைய வெள்ளைச் சீலையை நான்தான் கிழிச்சுக் குடுத்தனான்." கண்ணைத் துடைத்தாள். "பிழைதான். ஆனா நீங்கள் எப்பிடி அண்ணை குடலிலை வைச்சனீங்கள்? நாப்பத்தெட்டிலையும் நீங்கள் குடலிலை வைக்கிற ஆளில்லையே?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை. வலக்கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"எப்ப இருந்து?"

"ஆடியிலை இருந்து."

"ஆடியிலை இருந்து கண் தெரியாமல் துவக்கோடை பரணிலை ஏறினனீங்கள். நாங்கள் கீழை புல்லுப் பிடுங்கினனாங்கள்."

அவள் ஏதோ யோசித்தாள். "இவருக்குத் தெரியுமோ?"

"நான் சொன்னனான்."

"அதுக்குத்தானோ பெரிய துணியாக் கிழி எண்டவர்."

அந்த நேரம் பார்த்துப் புவனம் சூப் போத்தலோடு உள்ளே வந்தான். அவள் அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வெளியிலை போங்கோ" என்றாள்.

போனோம். வாங்குப் பலகையில் ஆளுக்கொரு நுனியில் இருந்தோம். சூப் ஆறியது.

டிசம்பர் 18, செவ்வாய்

மழை. கன்றுக்குக் கழிச்சல்.

டிசம்பர் 22, சனி

இன்று ஆஸ்பத்திரியில் பவளத்துக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஊன்றுகோலோடு ஓட்டோவில் ஏற்றினோம். புவனம் முன்னால் ஓட்டுகிற பெடியனோடு, நான் அவளோடு பின்னால். தோட்டத்தடி வந்ததும், "நிப்பாட்டு தம்பி" என்றாள்.

பக்கத்துத் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றவர்கள் அவளைக் கண்டு வரம்புக்கு வந்தார்கள். தலைவரும் நின்றார். அவள் இறங்கவில்லை. இருந்த இடத்தில் இருந்து புருசனைப் பார்த்துச் சொன்னாள்:

"பாலையடியிலை இருந்து கவடு வையுங்கோ. சத்தமா எண்ணுங்கோ."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு போனான். எண்ணினான். முப்பதில் கதியாலடியில் நின்றான்.

"நிக்காதேங்கோ. நாங்கள் கிண்டின கிடங்கு மட்டும் போங்கோ."

"முப்பத்தொண்டு" என்றான். ஒவ்வொரு எண்ணுக்கும் குரல் இறங்கியது. "நாப்பத்தெட்டு" என்றபோது அவன் காலடியில் மண் அமிழ்ந்து போனதைத் தலைவர் கண்டார். வரம்பில் நின்ற எல்லாரும் கண்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கொப்பியில் பொய் எழுதக்கூடாது, நிறைந்தது என்றுதான் எழுத வேண்டும். என் பேர் மீண்டுவிட்டது என்று நினைத்தேன். தங்கச்சி என் தங்கச்சிதான் என்று நினைத்தேன்.

"அண்ணை, நீங்கள் பாலையோடை போய் நில்லுங்கோ" என்றாள்.

போய் நின்றேன்.

"இவர் பக்கம் காட்டி நிக்கிறார். ஒரு காலை முன்னுக்கு வைச்சிருக்கிறார். எந்தக் கால் அண்ணை?"

பார்த்தேன். இடக்கண்ணை மூடிப் பார்த்தேன், துவக்குப் பிடிக்கிற மாதிரி. வெள்ளையாக ஒன்று நின்றது. அதற்குக் கீழே மண்ணும் புல்லும் காலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"தெரியேல்லை."

"இவையளுக்குக் கேக்கேல்லை அண்ணை."

"தெரியேல்லை பவளம்" என்று கத்தினேன். "அண்டைக்கும் தெரியேல்லை."

அவள் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னைப் பெரியம்மா வீட்டை கொண்டுபோய் விடு தம்பி" என்று ஓட்டோக்காரப் பெடியனுக்குச் சொன்னாள்.

ஓட்டோ போனது. சனங்களும் போனார்கள். நானும் புவனமும் தோட்டத்தில் நின்றோம். நடுவில் நாற்பத்தெட்டுக் கவடு. அவனும் வரவில்லை, நானும் போகவில்லை.